கூடுதலாக முப்பத்திரண்டு பக்கங்கள்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, கேட்டு வாங்கவும் இல்லை. அச்சகத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஒரு பெண், உடோன் என்ற கோதுமை நூடுல்ஸ் ஆறுவதற்காகக் காத்திருந்த நேரத்தில் என் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போனது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை. மாற்றிப் பார்த்தேன், கப்பல் வர மறுத்தது.

தோக்கியோவுக்கு வடக்கே ஓர் அச்சகத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். இயந்திரத்துக்குப் போகும் முன் பக்கங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. பள்ளிப் பெண்கள் படிக்கும் மாதப் படக்கதை இதழ் ஒன்று எங்களிடம் அச்சாகிறது. தலைக்கு வைத்துத் தூங்கலாம், அவ்வளவு கனம். (இங்கே அதை மங்கா என்பார்கள். ஒரு கால் சேர்த்து நீட்டினால் நம் ஊரில் ஊறுகாய் போடுவார்கள் என்பதால் படக்கதை என்றே எழுதுகிறேன்.)

நவம்பர் கடைசி வாரம். ஒரு தொடரின் கூடுதல் அத்தியாயத்துக்கு முதல் பக்கம் மட்டும் வண்ணம். அந்த வண்ணத்தைத் தானே பார்க்க வேண்டும் என்று வரைந்தவரே வந்திருந்தார். இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லிக் கூடத்துக்கு அனுப்பினார்கள். என் டப்பாவில் எலுமிச்சைச் சாதம் இருந்தது. அதன் மஞ்சளை அவள் வெகுநேரம் பார்த்தாள். வண்ணத்தைப் பற்றித்தான் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நீங்க கதை எழுதுவீங்களாமே? வாசல்ல சொன்னாங்க."

"தமிழ்ல எழுதுவேன்."

"இங்க அதைப் படிக்கத் தெரிஞ்சவங்க?"

"இந்தக் கட்டடத்துல நான் ஒருத்தன்தான்."

"அப்ப உங்ககிட்ட சொல்லலாம்" என்றாள் அத்சுமி ஓரியே. "நான் வரைஞ்ச பக்கத்துல வராதது நிறைய இருக்கு. எங்கேயாவது இருக்கட்டும்."

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

[சகாதா துறைமுகத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு...] அடித்துவிட்டேன். சுற்றுலா அலுவலகத்துத் துண்டுத்தாள் மாதிரி இருந்தது.

[அவன் குரல்...] இதையும் அடித்தேன். அவன் குரலைப் பற்றி எழுத எனக்கு அனுமதி இல்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

மூன்றாவது தொடக்கம் ஒரு தாளைப் பற்றியது. அழகில்லை, ஆனால் விவகாரம் ஆரம்பித்தது அந்தத் தாளில்தான்.

செப்டம்பர் மாதத்து வியாழக்கிழமை காலையில் பதிப்பாசிரியர் நிஷிவாகி, ஓரியேயின் வேலையறைக்கு வந்தாள். பதினொரு வருடமாக வந்துபோகிறவள். செருப்பு எங்கே இருக்கும், கோப்பை எங்கே இருக்கும் என்று கேட்கமாட்டாள். ஓரியேயின் தொடர் 'பன்னிரண்டு நாற்பது' மார்ச் மாதம் திரைப்படமாக வரப்போகிறது. அதற்கான விளம்பரத் திட்டத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். (படக்கதை வரைகிறவர்களை இங்கே மரியாதையாகச் சென்செய் என்று கூப்பிடுவார்கள்.)

"சென்செய், முதல்ல நல்ல சேதி. இதழ்ல உங்களுக்கு முப்பத்திரண்டு பக்கம் ஒதுக்கியிருக்காங்க. கூடுதல் அத்தியாயம். கல்யாணம் வரைஞ்சு கொடுத்தீங்கன்னா வாசகருங்க உருகிடுவாங்க."

"ரெண்டாவது?"

"ரெண்டாவதும் நல்ல சேதிதான். படத்துக்கு 'ஒரு உண்மைக் கதை'ன்னு போட்டு விளம்பரம் பண்றாங்க. அதோட..." நிஷிவாகி தாளைத் திருப்பி வைத்தாள். "இதைப் பாருங்க."

தாளின் நடுவில் பெரிய எழுத்தில் இருந்தது: அந்தப் பையனைத் தேடுகிறோம். ரயில் நிலையங்களில் சுவரொட்டி. ஓரியேயின் சொந்த ஊரான சகாதாவில் முன்னோட்டக் காட்சி. கண்டுபிடித்தால் மேடையில் இருபத்து நான்கு வருடத்துக்குப் பின் சந்திப்பு.

ஓரியே எழுந்து போய்க் கைகழுவினாள். கையில் மை எதுவும் இல்லை. திரும்பி வந்து சொன்னாள்:

"இதை நிறுத்தணும்."

"வெக்கமா இருக்கா சென்செய்?" என்று சிரித்தாள் நிஷிவாகி.

"நிறுத்தணும் நிஷிவாகி. அந்தப் பையனைப் பள்ளிக்கூடத்தை விட்டே ஓட வெச்சது நான்தான்."

3

இங்கே கொஞ்சம் கட்டுரை எழுதவேண்டியிருக்கிறது.

'பன்னிரண்டு நாற்பது' எட்டு வருடம் ஓடிய தொடர். பதினேழு தொகுதி. துறைமுக ஊர் ஒன்றின் மேல்நிலைப் பள்ளி. வகுப்பில் வாயே திறக்காத பையன் கனாமே, பள்ளி ஒலிபரப்புக் குழுவில் இருக்கும் பெண் சிகுசா. ஏழாவது அத்தியாயத்தில், மதிய உணவு நேரத்தில், பாட்டு போடும் பன்னிரண்டு நாற்பதுக்கு, கனாமே ஒலிபரப்பு அறைக்குள் புகுந்து ஒலிவாங்கியைப் பிடித்து, பள்ளி முழுக்கக் கேட்கும்படி தன் காதலைச் சொல்கிறான். சிகுசா சாப்பாட்டு டப்பாவைக் கீழே போட்டுவிட்டு இரண்டு மாடி ஏறி ஓடுகிறாள். இரண்டு பக்கத்தை அடைத்து வரைந்த அந்த ஓட்டத்தை இங்கே முப்பது வயதுக்குக் கீழே இருக்கும் பெண்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டே விவரிப்பார்கள்.

பிறகு தொலைக்காட்சியில் அசைபடத் தொடர் வந்தது. கனாமேவுக்குக் குரல் கொடுத்தவரின் குரல் தேனில் நனைத்த மாதிரி. அந்த ஒலிபரப்பு அறைக் காட்சியின் நான்கு நிமிடத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பிள்ளைகள் கைபேசியில் வைத்துக்கொண்டார்கள். அந்த வருடம் எத்தனையோ பள்ளிகளில் பையன்கள் ஒலிபரப்பு அறைக் கதவைத் தட்டினார்கள் என்று செய்தி. இப்போது நிஜ ஆட்களை வைத்துத் திரைப்படம். சகாதாவிலேயே எடுத்தார்கள்.

அசைபடம் வந்த புதிதில் ஒரு பேட்டியில், "கனாமே மாதிரி ஒருவர் நிஜத்தில் இருந்தாரா?" என்று கேட்டார்கள். ஓரியே, "இருந்தார்" என்றாள்.

"அந்த ஒரு சொல்லு போதும்னு நினைச்சேன்" என்றாள் என்னிடம். "பொய்யும் இல்லை. இருந்தான்தானே."

4

இனி அந்த நவம்பர். ஓரியேவுக்குப் பதினேழு வயது. பக்கத்து வகுப்பில் ஓதாகி ஷுன்ஜி.

என் முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்:

[ஓதாகி ஓர் ஒலிநாடாவை அவளிடம் கொடுத்தான். ஏதோ பாட்டு என்று நினைத்தாள். மதியம் தோழிகள் அதைப் பிடுங்கிக் கருவியில் போட்டார்கள். என்ன நடக்கிறது என்று அவளுக்குப் புரிவதற்குள்...]

எழுதியதைத் தொலைபேசியில் ஜப்பானிய மொழியில் அவளுக்குச் சொன்னேன். 

"தோழிங்க பிடுங்கினாங்கன்னு நான் சொன்னேனா?"

"இல்ல. நான் அப்படி..."

"பாட்டுன்னு நினைச்சேன்னு சொன்னேனா?"

"இல்ல."

"நீங்களும் அதையேதான் செய்யறீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நல்லவளா ஆக்கினா படிக்கச் சுலபமா இருக்கும். நான் பதினேழு தொகுதி அப்படித்தான் வரைஞ்சேன். அடிங்க அதை."

அடித்தேன். ஆனால் அடித்ததை அழிக்கவில்லை. நான் என்ன செய்யப் பார்த்தேன் என்பது உங்களுக்கும் தெரியட்டும்.

நடந்தது இது. முந்தைய நாள் மாலை ரயிலடியில் ஓதாகி நாடாவைக் கொடுத்து, "வீட்ல கேளு" என்று மட்டும் சொன்னான். அவள் வீட்டில் கேட்டாள். மூன்று முறை கேட்டாள். அவனுக்குப் பிடித்த பெண் அவள் என்பதைச் சொல்ல அவனுக்கு நான்கு நிமிடமும் பத்து வினாடியும் தேவைப்பட்டிருந்தது. ஊர்ப் பேச்சிலேயே பேசியிருந்தான், துறைமுகத்து மனிதர்கள் பேசுகிற அதே கனத்த பேச்சு.

"பிடிச்சிருந்துதா?" என்று கேட்டேன்.

"பிடிச்சிருந்துது. அதான் பயம்."

ஓரியேயும் பள்ளி ஒலிபரப்புக் குழுவில் இருந்தாள். மறுநாள் மதியம் ஒலிபரப்பு அறையில் அவளோடு இரண்டு தோழிகள். பையில் நாடாவைப் பார்த்துவிட்டு, "யாரு குடுத்தா? முகம் ஏன் சிவக்குது?" என்று சீண்ட ஆரம்பித்தார்கள். அவனைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஊர்ப் பேச்சு பேசுகிறவன், சட்டையில் மீன் வாடை அடிக்கிறவன். அந்த ஒரு நிமிடத்தில் அவள் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்தாள்.

"ஒண்ணும் இல்லடி, செம காமெடி. கேக்கறீங்களா?" என்றாள். நாடாவைப் போட்டாள். பள்ளி முழுவதற்குமான விசையையும் அவளே மேலே தள்ளினாள்.

"நிறுத்தியிருக்கலாம்" என்றாள் என்னிடம். "விரல் விசை மேலதான் இருந்துது. நாலு நிமிஷமும் இருந்துது."

முதலில் பக்கத்து வகுப்பு சிரித்தது. பிறகு மாடி. பிறகு கட்டடம். நாடா முடிந்ததும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஓதாகி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. காலணி மாற்றவில்லை. வகுப்புக்குள் போடும் வெள்ளைத் துணிக்காலணியோடு நடுத்தெருவில் நடந்தான். அதன் பிறகு அந்தப் பள்ளிக்கு அவன் வரவேயில்லை.

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. பத்து வருடம் கழித்து, அவனே விரும்பி ஒலிவாங்கியைப் பிடித்ததாக வரைந்தாள்.

5

ஓரியே என்ற பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இத்தனை வருடம் சும்மா இருந்தவளுக்கு இப்போது ஏன் வேகம்? படம் ஓடாது என்ற பயமா? நல்ல பெயர் வாங்கும் ஆசையா? நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"சுவரொட்டி ஒட்டி அவனைத் தேடுவாங்க" என்றாள். "மறுபடியும் ஊரே அவனைப் பார்க்கும். ரெண்டாவது தடவையும் விசையில என் விரல் இருக்கு. இந்தத் தடவை நிறுத்த முடியும். அவ்வளவுதான்."

அந்த வியாழக்கிழமை நிஷிவாகியிடமும் அதைத்தான் சொன்னாள். முழுக்கதையையும் சொல்லிவிட்டு, முப்பத்திரண்டு பக்கத்தில் இதை வரையப்போவதாகச் சொன்னாள்.

நிஷிவாகி திட்டத்தாளை நான்காக மடித்தாள். "சென்செய், படம் மார்ச்ல வருது. இதைப் படிச்சிட்டு வந்தா, தியேட்டர்ல அந்தக் காட்சியில யார் அழுவா? எல்லாருக்கும் வயிறு புரட்டும்."

"புரட்டட்டும்."

"எத்தனை பேர் உழைப்பு! நடிக்கிற புள்ளைங்க என்ன பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல. படம் ஓடட்டும். நல்ல கற்பனைதான், கற்பனைன்னே சொல்லி ஓட்டட்டும். உண்மைக் கதைன்னு போடக்கூடாது. தேடக்கூடாது. போட்டாங்கன்னா முன்னோட்ட மேடையில ஏறி நானே சொல்லுவேன்."

"மிரட்டறீங்களா?"

"ஆமா."

நிஷிவாகி பதினொரு வருடத்தில் முதல்முறையாகக் கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டுக் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அந்த ஆள்கிட்ட கேட்டீங்களா? அவர் கதையை அவரைக் கேக்காம ரெண்டாவது தடவையும் எடுக்கப் போறீங்களா?"

 அன்று மதியமே ஓரியே சகாதாவிலிருக்கும் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஓதாகி வீட்டுப் பையனா?" என்றாள் அம்மா. "தோபிஷிமா தீவுக் கப்பல்ல இருக்கான்ல! அவனை எதுக்கு இப்ப கேக்குற?"

6

அக்டோபரில் கடல் சொன்னபடி கேட்காது. காலைக் கப்பலில் இருபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் தூண்டில்காரர்கள். ஓரியே கீழ்த்தளத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். துறைமுகச் சுவரைத் தாண்டியதும் கப்பல் ஒருமுறை முதுகை நெளித்தது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"அலை இன்னைக்குக் கொஞ்சம் கூடுதலா இருக்கு. யாரும் எந்திச்சு நிக்காதீங்க. வாந்தி வந்தா வெக்கப்படாதீங்க, பை முன்னால இருக்கு. தூண்டில்காரங்க மட்டும் கடல்ல எடுக்கலாம், மீனுக்கு ஆவும்."

கூடம் முழுக்கச் சிரித்தது.*

* சகாதாவின் பேச்சை எந்தத் தமிழில் கொடுப்பது என்று நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் என் தாய்மாமன்கள் பேசும் திருநெல்வேலிப் பக்கமாகச் சாய்த்துவிட்டேன். கப்பலில் ஓதாகி பேசியதைத்தான் அப்படிச் சாய்த்திருக்கிறேன். ஒலிநாடாவில் பேசியதை நான் கேட்கவில்லை. ஓரியே எனக்குச் சொல்லவும் இல்லை.

ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து ஓதாகியின் குரல் வர, அதைக் கேட்டு இருபது பேர் சிரிக்க, ஓரியே முன்னாலிருந்த பையைப் பிரித்தாள். பை தேவைப்பட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி மேல்தளத்துக்கு ஏறினாள்.

நீல மேலங்கி போட்ட ஒருவன் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்:

"யம்மா, இங்கன நிக்காதீங்க. நனைஞ்சிருவீங்க."

"ஓதாகி..."

நிமிர்ந்தான். நரை விழுந்திருந்தது. அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"அத்சுமி" என்றான். "என்னைக்காவது வருவேன்னு நெனச்சேன். கப்பல்ல வருவேன்னு நெனைக்கல. ஒனக்குத்தான் தோணின்னாலே ஆகாதே. இப்பவும் மூஞ்சி வெளிறித்தான் நிக்க."

"உங்களுக்கு நேரமிருந்தா..."

"என்ன உங்களுக்கு? ஒரே வயசுதான் நமக்கு. நீன்னே சொல்லு."

 அவனே பேசினான்.

"எம்மவ ஒம் புஸ்தகம் பதினேழும் வச்சிருக்கா. அந்தக் கார்ட்டூன் வரும்போது டிவி முன்னால இருந்து அழுவா. நான் பக்கத்துல இருந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருப்பேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"அப்பன் பள்ளிக்கூடத்தப் பாதியில விட்டாம்னு தெரியும். ஏன்னு கேட்டா. படிப்பு ஏறலன்னேன்."

"கோபம் வந்துதா?"

"வராம? மொதல்ல வந்துச்சு. பொறவு பாத்தேன், அந்தப் பய தோக்கியோக்காரன் மாதிரில்லா பேசுதான். சரி, இது நானில்லன்னு விட்டுட்டேன்." கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். "ஆனா அதுதான் வலிச்சுது, கேட்டுக்கோ. எல்லாத்தயும் எடுத்துக்கிட்ட. எம் பேச்ச மட்டும் வேண்டாம்னுட்ட."

ஓரியே விளம்பரத் திட்டத்தைச் சொன்னாள். ஓதாகியின் கை நின்றது.

"என்னயத் தேடுவாங்களா? போஸ்டர் ஒட்டியா?"

"நிறுத்திட்டேன். நிறுத்துவேன்."

"ரெண்டுல எது?"

"நிறுத்துவேன்."

"சரி."

"நடந்ததை நடந்தபடி வரையணும். முப்பத்திரண்டு பக்கம். உன்னைக் கேக்காம வரையமாட்டேன்."

"வரஞ்சா ஒனக்கு என்ன கெடைக்கும்?"

"திட்டு கிடைக்கும்."

"அது மட்டுந்தானா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அது மட்டும்தான் என்று சொல்லியிருந்தால் கப்பலிலேயே இன்னொரு பொய் ஆகியிருக்கும்.

அவன் அடுத்த கயிற்றை எடுத்தான். "வரஞ்சுக்கோ. ஆனா எம் மூஞ்சி வரக்கூடாது. எம் பேரு வரக்கூடாது. டேப்புல நான் பேசுனதுல ஒரு சொல்லு வரக்கூடாது. அது ஒனக்குன்னு பேசுனது. ஊருக்கு ஒருதடவ குடுத்துட்ட, போதும்."

"முகமும் இல்லாம, பேச்சும் இல்லாம எப்படி வரையறது?"

"அது ஒந் தொழிலு. எனக்குக் கயிறு கட்டத்தான் தெரியும்."

தீவு தெரிய ஆரம்பித்தது. கடற்பறவைகள் கப்பலுக்கு மேலே வந்துவிட்டன. ஓரியே கம்பியை விட்டுவிட்டு நேராக நின்றாள். ஆட்டத்தில் விழப்போனாள், சமாளித்தாள்.

"மன்னிச்சிடு ஓதாகி. நாடாவை நான்தான் போட்டேன். முந்தின நாளே கேட்டுட்டு, தெரிஞ்சேதான் போட்டேன்."

அவன் அவளையே பார்த்தான். மேலேயிருந்து ஒருவர், "ஓதாகி! அறிவிப்பு!" என்று கத்தினார். அவன் உள்ளே போனான். ஒலிபெருக்கி கரகரத்தது. தீவு வந்துவிட்டது, கப்பல் முழுசாக நிற்கும்வரை யாரும் எழவேண்டாம் என்று சொன்னது.

7

இந்த இடத்தில் கதையை முடிக்க மூன்று வழி வைத்திருந்தேன்.

முதல் வழியில் அவன் திரும்பி வந்து, அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் என்று சிரிக்கிறான். எழுதிப் பார்த்தேன். எனக்கே பிடிக்கவில்லை. வெள்ளைக் காலணியோடு தெருவில் நடந்தவன் எப்படி மறப்பான்?

இரண்டாவது வழியில் அவன் கத்துகிறான், இருபது பேர் எட்டிப்பார்க்கிறார்கள். அது அவனுக்கு நான் செய்யும் அநியாயம். இன்னொரு முறை அவனை வேடிக்கைப் பொருளாக்க என் பேனா வராது.

மூன்றாவது வழியில் [மகள் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்...] வேண்டாம். மகளுக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம்.

நடந்தது வேறு. மதியம் திரும்பும் கப்பலில் அலை இன்னும் மோசம். ஓரியே வழி முழுக்கப் பையும் கையுமாகக் குனிந்திருந்தாள். ஒருமுறை யாரோ வந்து அவள் பக்கத்தில் ஒரு பாட்டில் பார்லித் தேநீரை வைத்துவிட்டுப் போனார்கள். நிமிர்ந்தபோது நீல மேலங்கியின் முதுகு தெரிந்தது.

 "அதுதான் பதில், இல்லையா?" என்றேன்.

"பக்கத்து சீட்டுப் பெரியவருக்கும் ஒண்ணு வெச்சான்" என்றாள் ஓரியே. "அவரும் வாந்தி எடுத்துக்கிட்டிருந்தார்."

8

முப்பத்திரண்டு பக்கத்தை அவள் முப்பத்தோரு நாளில் வரைந்தாள். கல்யாணம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யாரிடமும் காட்டவில்லை. முடித்தபின் நிஷிவாகியைக் கூப்பிட்டாள். நிஷிவாகி நின்றபடியே படிக்கத் தொடங்கி, நான்காவது பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கங்களில் பையனின் முகம் இல்லை. எல்லாம் அவன் கண் வழியாக வரையப்பட்டிருந்தது. நாடாவை நீட்டும் கை. வாங்கும் பெண், பதினேழு வயது, கன்னம் சிவந்திருக்கிறாள். மறுநாள் வகுப்பறை, சாப்பாட்டு டப்பா, சுவரில் ஒலிபெருக்கிப் பெட்டி. பெட்டியிலிருந்து வெறும் கோடுகள் வருகின்றன, சொல் இல்லை. பிறகு ஒரு தலை திரும்புகிறது. பக்கத்துத் தலை திரும்புகிறது. பக்கத்தைப் புரட்டினால் முப்பது பேர் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆறு பக்கம் சிரிக்கிறார்கள். அதன் பிறகு ஈரத் தெருவும் வெள்ளைக் காலணியும் மட்டும்.

நிஷிவாகி தாள்களை அடுக்கினாள். ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தாள்.

"எங்க வகுப்புலயும் ஒரு பொண்ணு இருந்தா" என்றாள். "நான் ஒண்ணும் பண்ணல. சிரிச்சேன், அவ்வளவுதான்." எழுந்தாள். "தலைமை ஆசிரியர்கிட்ட நான் எடுத்துக்கிட்டுப் போறேன். திட்டு வாங்கினா ரெண்டு பேரும் வாங்குவோம்."

வாங்கினார்கள். மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் 'அந்தப் பையனைத் தேடுகிறோம்' கைவிடப்பட்டது. சுவரொட்டியில் 'உண்மைக் கதை' என்ற வரி போயிற்று. ஏழாவது அத்தியாயத்துக் காட்சி படத்தில் அப்படியே இருந்தது. அதை மாற்ற முடியாது, எடுத்தாகிவிட்டது. முப்பத்திரண்டு பக்கம் இதழின் கடைசியில், அட்டையில் அறிவிப்பில்லாமல் போவதென்று முடிவாயிற்று. போகட்டும், போனால் போதும் என்றாள் ஓரியே.

படம் மார்ச்சில் வந்தது, ஓடியது. முதல் நாள் மேடைக்கு அவள் போகவில்லை. என் இளமைக்காலத்தைக் கெடுத்துவிட்டீர்கள் என்று வாசகிகள் எழுதினார்கள், நிறையப் பேர். பதினேழு தொகுதியையும் கட்டித் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. அவள் எல்லாவற்றையும் பிரித்துப் படித்தாள். ஓதாகியிடமிருந்து எதுவும் வரவில்லை.

9

கடைசிப் பக்கத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அதில் என் பங்கும் உண்டு.

வண்ணம் பார்க்க அவள் வந்த அந்த நவம்பர் நாளில், சாப்பாட்டுக்கு முன், அந்தப் பக்கங்களைச் சரிபார்த்தது நான்தான். கடைசிப் பக்கத்தில் கப்பல் தளம். நாற்பத்தொரு வயதுப் பெண் நிற்கிறாள். காற்று முடியைக் கலைத்திருக்கிறது, வாயோரம் வாந்தியைத் துடைத்த தடம். தன்னை இவ்வளவு அழகில்லாமல் யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. மன்னிச்சிடு, தெரிஞ்சேதான் போட்டேன் என்கிறாள். அதற்குக் கீழே இன்னொரு பேச்சுக் குமிழி. அதன் வால் பக்கத்தின் அடியோரத்தைத் தாண்டி, தாளைப் பிடித்திருக்கும் என் கட்டைவிரலை நோக்கி வருகிறது. குமிழிக்குள் ஒன்றும் இல்லை.

பத்தொன்பது வருடப் பழக்கம். சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு எடுத்துக்கொண்டு, கூடத்தில் அவளைத் தேடிப் போனேன். எதிர் நாற்காலியில் அவள் தற்செயலாக உட்கார்ந்ததாக ஆரம்பத்தில் எழுதியதை அடித்துவிடுங்கள். நான்தான் போனேன்.

"மன்னிக்கணும், கடைசிக் குமிழியில எழுத்து விடுபட்டிருக்கு."

"விடுபடல" என்றாள். "விட்டிருக்கேன்."

பிறகுதான் எலுமிச்சைச் சாதம், பிறகுதான் இந்தக் கதை. கிளம்பும்போது, அந்தக் குமிழியில் நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டாள். எனக்கு எழுத வரவில்லை. இன்றுவரை வரவில்லை. விசையைத் தள்ளியவளின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல எழுதியவன் நான். அவனுக்காகப் பேசும் தகுதி எனக்கு இல்லை.

உங்களுக்கு இருக்கலாம். உங்களையும் ஒரு நாள் ஒரு கட்டடமே பார்த்துச் சிரித்திருக்கலாம், அல்லது அந்தச் சிரிப்பில் உங்கள் குரலும் இருந்திருக்கலாம். எதுவானாலும் இப்போது நீங்கள் நிற்பது ஓதாகி நின்ற இடத்தில். கையில் ஈரக் கயிறு. எதிரே அவள், கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறாள். கேட்டுவிட்டாள். தீவு நெருங்கிவிட்டது, மேலேயிருந்து உங்களைக் கூப்பிடுவதற்கு இன்னும் சில வினாடிகள் இருக்கின்றன.

"                                        "